தெரிந்த தேதியும் சொன்ன தேதியும்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகம். பிப்ரவரி 28 அன்று கம்பெனியை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டிய ஆர்டர், மார்ச் 9 அன்றுதான் பெட்டி கட்டி முடிந்தது. தூத்துக்குடியில் பிடிக்க வேண்டிய கப்பல் போய்விட்டது. பையர் இரண்டே வழி தருகிறார்: உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள், இல்லையென்றால் விலையைக் குறையுங்கள். ஏர் போட்டால் கடல்வழிச் செலவைவிடப் பல மடங்கு ஆகும். அந்த ஆர்டரில் வரவிருந்த லாபம் அத்தோடு போச்சு. எம்.டி. எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "எங்கே தப்பு நடந்தது?" என்கிறார்.

"லேப் டிப் அப்ரூவல் எட்டு நாள் லேட்டுங்க சார். பையர் பதிலே போடலை" என்கிறார் மெர்ச்சண்டைசர். "அப்ரூவல் வர்றதுக்குள்ள வேற பார்ட்டி லாட் மிஷின்ல ஏறிடுச்சுங்க" என்கிறார் டையிங் மேனேஜர். "துணியே 14ஆம் தேதிதான் வந்துச்சு, நான் எதை வெட்டறது?" இது புரொடக்‌ஷன் மேனேஜர். பேக்கிங் சூப்பர்வைசருக்கு அட்டைப்பெட்டி சப்ளையர் மேல் கோபம்.

இது நான் கற்பனையில் கட்டிய ஆர்டர்தான். ஆனால் திருப்பூரில் யாரிடம் சொன்னாலும் "எங்க ஆபீஸ் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் கேட்பார்கள். அந்த அறையில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. சிக்கலே அதில்தான் இருக்கிறது. பொய்யின் மேல் நிற்கும் சாக்கை உடைப்பது சுலபம். 'நான் பாவம், என் கையில் என்ன இருக்கிறது' என்ற மனநிலை பெரும்பாலும் உண்மையின் மேல் காலூன்றி நிற்கிறது. பையர் நிஜமாகவே தாமதித்தார். உங்கள் மேனேஜர் நிஜமாகவே தனக்கு வேண்டியவருக்கு நல்ல ரேட்டிங் போட்டார். நீங்கள் செய்த வேலைக்கு நிஜமாகவே இன்னொருவர் பெயர் வாங்கினார். அதனால்தான் "சாக்கு சொல்லாதே" என்ற அறிவுரை யாருக்கும் உறைப்பதில்லை. சொல்பவருக்குச் சாக்காகத் தெரிவது, கேட்பவருக்கு நடந்த சங்கதி.

ஆகவே சாக்கா, உண்மையா என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. அடுத்த வேலை யாருடையது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்ததுமே இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்: "தப்பு அவங்களுது, அவங்களே சரி பண்ணட்டும்." சாயப்பட்டறை தன் தப்பைத் தன் வசதிப்படி சரிசெய்துகொள்ளும். உங்கள் ஆர்டரின் தேதியைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. உங்களைப் போல அங்கே இருபது பார்ட்டி வரிசையில் நிற்கிறார்கள்.

நடுவில் இருந்த பத்து நாள்

அந்த மெர்ச்சண்டைசரின் மெயில் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். லேப் டிப், அதாவது நிறம் சரிதானா என்று பையர் பார்த்துச் சொல்வதற்காகச் சாயமேற்றி அனுப்பும் சிறு துணித் துண்டு, ஜனவரி 5 அன்று கூரியரில் போயிருக்கிறது. 12ஆம் தேதிக்குள் பதில் வந்திருக்க வேண்டும். 20ஆம் தேதிதான் வந்தது. அந்த எட்டு நாள் பையர் கணக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் பதில் வரவில்லை என்பது 13ஆம் தேதி காலையிலேயே இவருக்குத் தெரியும். நினைவூட்டி முதல் மெயில் போனது 18ஆம் தேதி. நடுவில் ஐந்து நாள்.

அடுத்தது துணி. திருத்திய கணக்குப்படி பிப்ரவரி 6 அன்று வர வேண்டும். 1ஆம் தேதியே டையிங்கிலிருந்து போன்: "இன்னும் ஒரு வாரம் தள்ளுங்க மேடம், மிஷின் காலியில்லை." இவர் அதைப் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொன்னது 6ஆம் தேதி. அதுவும் துணி வரவில்லையே என்று அவரே வந்து கேட்டபோது. இங்கே இன்னோர் ஐந்து நாள்.

தாமதம் அவர் உண்டாக்கியதல்ல. பத்து நாள் மௌனம் மட்டும் அவருடையது.

பத்து நாளையும் அப்படியே மீட்டிருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். 13ஆம் தேதியே மெயில் போட்டிருந்தாலும் பையர் 16 வரைக்கும் இழுத்திருப்பார். ஆனால் பிப்ரவரி 1 அன்றே விஷயம் வெளியே வந்திருந்தால் கையிலிருந்த வேறு கலரை முதலில் வெட்டியிருக்கலாம். காலியாகக் கிடந்த தையல் லைனை நான்கு நாள் வேறு ஆர்டருக்குத் திருப்பியிருக்கலாம். பையரிடம் நிலவரத்தைச் சொல்லி சில நாள் கூடுதலாகக் கேட்டிருக்கலாம். மாத முதல் வாரத்தில் கேட்டால் கிடைக்கிற அவகாசம், கடைசி வாரத்தில் கேட்டால் கிடைப்பதில்லை.

வேலையிடத்தில் தனிமனிதப் பொறுப்பு என்பதை அளக்க எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல் இதுதான். ஒரு சங்கதி உங்களுக்குத் தெரிந்த தேதியை எழுதுங்கள். அதைத் தெரிய வேண்டியவரிடம் நீங்கள் சொன்ன தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். நடுவில் இருப்பது உங்கள் கணக்கு. உங்களுக்குத் தெரிய வருவதற்கு முந்தி நடந்ததைப் பெரும்பாலும் பிறர் கணக்கில் எழுதிவிடலாம். அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டி.என்.ஏ. சார்ட், அதாவது எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணை, வைத்திருப்பவர்கள் அதிலேயே இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்கள் டிக்கெட்டிலேயே பதிந்துவிடலாம். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பழைய டைரி போதும்.

ஏன் ஐந்து நாள் பேசாமல் இருக்கிறோம்? சிலர் "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், தானாக வந்துவிடும்" என்று இருக்கிறார்கள். அது நம்பிக்கை, ஓரளவு மன்னிக்கலாம். சிலருக்குத் திட்டு விழும் என்ற பயம். அதற்கு மேனேஜரும் காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன். "நான் சொல்லி என்ன ஆகப்போகிறது" என்பவர்தான் கவலைக்குரியவர். அவர் மற்றவர்களைவிடத் தாமதமாகச் சொல்வார், ஒரு கட்டத்தில் சொல்வதையே நிறுத்திவிடுவார்.

முன்ஜாமீன் மெயில்

சொல்வதிலும் ஒரு திருட்டுத்தனம் உண்டு. இந்த மெயிலைப் பாருங்கள்:

"சார், டையிங்கிலிருந்து துணி இன்னும் வரவில்லை. அதனால் கட்டிங் தாமதமாகிறது. தங்கள் தகவலுக்காக."

மூன்று வாக்கியமும் சரி. இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் இந்த மெயிலைப் படித்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. 'தங்கள் தகவலுக்காக' என்று முடியும் மெயில்களில் பாதி, பின்னால் நடக்கப்போகும் விசாரணைக்கு எடுத்துவைக்கும் முன்ஜாமீன். "நான் அன்னைக்கே மெயில் போட்டேனே சார்" என்று ஒரு நாள் காட்டுவதற்காகவே அது எழுதப்படுகிறது. அதே சங்கதியை வேறு மாதிரி எழுதலாம்:

"சார், நேவி ப்ளூ லாட் 6ஆம் தேதி வர வேண்டியது. 13க்கு முன் வராது என்று டையிங் மேனேஜர் இன்று காலை போனில் சொன்னார். இப்படியே விட்டால் எக்ஸ்-ஃபேக்டரி தேதி ஒரு வாரம் தள்ளும். வெள்ளையும் கிரேவும் கையில் இருக்கின்றன. அவற்றை முதலில் கட்டிங்குக்கு எடுத்துவிட்டு நேவியைக் கடைசியில் ஓட்டினால் இரண்டு மூன்று நாள் தாமதத்தோடு நிறுத்தலாம். நேவியில் பாதியை வேறு பட்டறைக்குக் கொடுப்பது இன்னொரு வழி. ஆனால் ஷேட் மாறிவிடும் ஆபத்து உண்டு, பையர் ஒப்புக்கொள்ள மாட்டார். முதல் வழிதான் நல்லது என்று நினைக்கிறேன். மாலை 5 மணிக்குள் நீங்கள் சரி என்றால் இன்றே கட்டிங் மாஸ்டரிடம் பேசிவிடுகிறேன்."

இரண்டாவது மெயிலில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, யாருக்கும் பரிந்து பேசவுமில்லை. என்ன நடந்தது, இப்படியே விட்டால் என்ன ஆகும், என்ன செய்யலாம், எப்போதைக்குள் முடிவு வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. எழுதப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் இப்படி எழுத வேண்டுமென்றால் ஸ்டோரில் வெள்ளைத் துணி இருக்கிறதா என்று போய்ப் பார்த்திருக்க வேண்டும், டையிங் மேனேஜரிடம் "வராது" என்பதோடு விடாமல் "அப்படீன்னா எப்ப வருங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். உண்மையான உழைப்பு மெயிலுக்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது.

தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரு சோதனை போட்டுப் பாருங்கள். அனுப்பும் முன் கடைசி வாக்கியத்தை மட்டும் படியுங்கள். அதில் ஒரு தேதியோ நேரமோ இல்லாவிட்டால், மெயில் இன்னும் முடியவில்லை.

மூளை சும்மா இருக்கவே விரும்புகிறது

அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தனக்கு நடப்பவற்றுக்குத் தன் செயல்தான் காரணம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு முனையிலும், விதி, அதிர்ஷ்டம், பெரிய மனிதர்களின் தயவு என்று எண்ணுகிறவர்கள் மறுமுனையிலும் இருக்க, எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறோம் என்பது அவர் சொன்னது. இது பரவலாகத் தெரிந்த கருத்து. மேனேஜ்மென்ட் வகுப்புகளில் படிப்பவர்கள் தவறாமல் கேட்டிருப்பார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் ஆய்வு. 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஒரு பிரிவு நாய்களால் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சி. ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லாவற்றையும், ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய பெட்டிக்குள் விட்டார்கள். முதல் பிரிவு தாண்டிக் குதித்தது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலான நாய்கள் படுத்துக்கொண்டன. 'கையாலாகாத்தனமும் கற்றுக்கொள்வதுதான்' என்று உலகம் முழுவதும் இந்த ஆய்வை மேற்கோள் காட்டியது.

அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் முடிவைத் தாங்களே தலைகீழாகத் திருப்பி எழுதினார்கள். மூளை ஆராய்ச்சியில் தெரிய வந்தது இது: நீடித்த துன்பம் வந்தால் சுருண்டு படுத்துக்கொள்வது உயிரினத்தின் இயல்பான முதல் எதிர்வினை. அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. 'இதை என்னால் நிறுத்த முடியும்' என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. நிறுத்திப் பார்த்த அனுபவம் இருந்தால்தான் அந்தச் சுருண்டு படுக்கும் எதிர்வினை அடங்குகிறது.

இது நமக்கு ஏன் வேண்டும்? "எங்க டீம்ல அவன் ஒரு சோம்பேறி, எதுக்கும் முன்வர மாட்டான்" என்று சொல்லும்போது அதைக் குணக்கேடாகப் பார்க்கிறோம். பல வருடம் யாரும் காது கொடுக்காத இடத்தில் வேலை பார்த்தவருக்கு அது குணம் ஆகாது. கைக்குள் இருக்கும் ஒன்றை மாற்றிப் பார்த்து அது மாறிய அனுபவம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே நீங்களும் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால், பெரிய சபதம் எடுக்காதீர்கள். "இனிமேல் எல்லாத்தையும் பாசிட்டிவா பார்ப்பேன்" என்பது திங்கட்கிழமை மதியம் வரைக்கும் தாங்காது. சிறியதாக, நிச்சயம் மாறக்கூடியதாக ஒன்றைப் பிடியுங்கள்.

சப்போர்ட் வேலையில் இருக்கும் ஒருவருக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரோஸ்டர் வெளியான பிறகு புலம்புவதில் பயனில்லை. ரோஸ்டர் எந்தத் தேதியில் போடுகிறார்கள், யார் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்பு "இந்த மாதம் முதல் வாரம் டே ஷிஃப்ட் வேண்டும், அதற்குப் பதில் கடைசி வாரம் நைட் எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கேட்கலாம். கிடைக்காமலும் போகலாம். ஆனால் நாலு மாதத்தில் ஒரு தடவை கிடைத்தாலும், படுத்திருந்த மூளைக்கு அது ஒரு செய்தி.

டீக்கடைச் சபை

எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும், கிண்டியோ ஓசூரோ, பதினோரு மணிக்கு ஒரு டீக்கடைச் சபை கூடும். மேனேஜரைத் திட்டுவது அதன் நிரந்தர நிகழ்ச்சிநிரல். அதை நான் குறைசொல்ல மாட்டேன். மனசு இறங்க ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்தச் சபையில் ஒருவர் இருப்பார். அவருடைய குறை போன வருடமும் அதுதான், இந்த வருடமும் அதுதான், வார்த்தைகூட மாறியிருக்காது. நடுவில் யாராவது "எச்.ஆர்.கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்களேண்ணே" என்றால் கோபம் அவர் மேல் திரும்பும்.

இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் இந்தப் போக்கை அளக்க முயன்றார்கள். தான் பட்ட கஷ்டத்தைப் பிறர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற தவிப்பு, தான் மட்டுமே நேர்மையானவர் என்ற எண்ணம், அடுத்தவர் கஷ்டம் கண்ணில் படாமை, பழையதையே திரும்பத் திரும்ப மெல்லுவது என்று நான்கு அடையாளங்களை அவர்கள் சொன்னார்கள். டீக்கடையில் யாருக்கெல்லாம் இது பொருந்துகிறது என்று எண்ணுவது சுலபம், சுவாரசியமாகவும் இருக்கும். நம் பேச்சை நாமே ஒரு வாரம் கேட்டுப் பார்ப்பது அவ்வளவு சுவாரசியமாக இருக்காது.

இதே சபையில் எதிர்த்திசையில் ஒருவரும் உண்டு. எதற்கும் "நானே பார்த்துக்கறேன் விடுங்க" என்பவர். அடுத்தவர் ஃபைலையும் முடிப்பார், புதிதாக வந்த பையனின் தப்பையும் மூடி மறைப்பார், பண்டிகை நாளிலும் லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பார். இவர் பொறுப்பானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்டீபன் கார்ப்மன் என்ற மனநல மருத்துவர் 1968இல் ஒரு முக்கோணம் வரைந்தார்: பாதிக்கப்பட்டவர், வதைப்பவர், காப்பாற்றுபவர். ஒரே ஆள் இந்த மூன்று வேடத்துக்குள்ளும் மாறி மாறிச் சுற்றிவருவார் என்பது அவர் கவனித்தது. நம் 'நானே பார்த்துக்கறேன்' ஆசாமி மூன்றாவது வருடத்தில் சொல்வதைக் கேளுங்கள்: "இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான் மாடா உழைக்கிறேன்." முதல் ஆளின் பாட்டு, வேறு ராகத்தில். வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் சேர்த்துச் சுமக்கும் பெண்களிடம் இந்த வேடத்தைத் தள்ளிவிடுவது நமக்குப் பழக்கம் என்பதால், 'முடியாது' என்று சொல்லப் பழகுவது அவர்களுக்குக் கூடுதல் அவசியம்.

பாதிப்பு நிஜமாக இருக்கும்போது

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு எந்த முதலாளியும் சந்தோஷப்பட வேண்டாம். 'பொறுப்பு', 'ஓனர்ஷிப்' என்ற பேச்சு பல அலுவலகங்களில் குறை சொல்பவரின் வாயை அடைக்கத்தான் பயன்படுகிறது. ஆள் போதவில்லை என்றால் "டைம் மேனேஜ்மென்ட் கத்துக்கோங்க". சம்பளம் தாமதம் என்றால் "நெகட்டிவா பேசாதீங்க". இது ஏமாற்று.

அநியாயம் நடந்தால் புகார் கொடுப்பது 'நான் பாவம்' மனநிலையில் சேராது. அதுதான் பொறுப்பு. புலம்பலுக்கு முகவரி கிடையாது. புகாருக்கு முகவரி, தேதி, கேட்கும் தீர்வு மூன்றும் உண்டு.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் நாள் முழுக்க நின்றார்கள். கழிப்பறை வசதி கிடையாது. தையல் தொழிலாளியாக இருந்த விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. பிறகுதான் உட்காரும் உரிமை. "உட்காரணும்னா வீட்லயே இருங்க" என்கிற மனப்பான்மையோடு மோதித்தான் அவர்கள் வென்றார்கள். கேரளம் 2018இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்து நாம் கண்கலங்கிய ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கோழிக்கோட்டுப் பெண்கள் பாதிக்கப்பட்டவர்கள்தான். அடுத்த வேலை தங்களுடையது என்று எடுத்துக்கொண்டவர்களும் அவர்களேதான்.

உங்களுக்குத் தேவைப்படக்கூடிய சில கதவுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். எழுதித்தர முடியாத நிலை என்றால் எழுத உதவுவது குழுவின் கடமை.

பி.எஃப். விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பே ஸ்லிப்பில் 12 சதவீதம் பிடித்திருப்பார்கள். கணக்கில் கட்டியிருக்க மாட்டார்கள். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். உமங் செயலியில் யூ.ஏ.என். எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து வேலையை விடும்போது கண்டுபிடித்தால், துரத்த வேண்டிய கம்பெனியே அந்த முகவரியில் இருக்காது.

எந்தப் புகாராக இருந்தாலும் காகிதம்தான் பேசும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், ஷிஃப்ட் ரோஸ்டர், முக்கியமான மெயில்கள் ஆகியவற்றில் உங்களுக்குச் சொந்தமானவற்றின் நகலை வீட்டில் வைத்திருங்கள். வாயால் சொன்னதை அன்றைக்கே "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு சிறு மெயிலாக அனுப்பிவிடுங்கள். கம்பெனியின் ரகசிய ஆவணங்களைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் நியாயம் அத்தோடு கெட்டுவிடும்.

மேனேஜர்களுக்கு

தெரிந்த தேதிக்கும் சொன்ன தேதிக்கும் நடுவே இடைவெளி விழுவதில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கெட்ட செய்தியோடு வருபவரை வாசலிலேயே கடித்துக் குதறினால், அடுத்த தடவை அவர் வரமாட்டார். செய்திதான் வரும், எல்லாம் முடிந்த பிறகு. டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் உடனே வந்து பார்ப்பார். அங்கேயே தீரவில்லை என்றால் லைன் நின்றுவிடும். இழுத்தவரிடம் "ஏன் இழுத்தாய்?" என்று எகிறுவதில்லை. உங்கள் அலுவலகத்தில் அந்தக் கயிறு எது? சீக்கிரம் சொன்னவரிடம் முதலில் "நல்லவேளை இப்பவே சொன்னீங்க" என்று சொல்லிப் பாருங்கள். திட்ட வேண்டியிருந்தால் ஆர்டர் போன பிறகு திட்டிக்கொள்ளலாம்.

அப்ரைசல் அறையில்

ரேட்டிங் விவகாரத்தில் அநியாயம் அமைப்புக்குள்ளேயே இருக்கலாம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் கொண்டுவந்த முறையில் ஊழியர்களை மேல் 20, நடு 70, கீழ் 10 சதவீதம் என்று பிரித்தே ஆக வேண்டும். அதன் வாரிசுகள் இன்றும் பல கம்பெனிகளில் உயிரோடு இருக்கின்றன. எல்லோரும் நன்றாக வேலை செய்த டீமிலும் யாராவது ஒருவர் கீழே விழுந்தாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் கோபம் வரத்தான் செய்யும்.

"என் வேலையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும், நானா போய்ச் சொல்லிக்க மாட்டேன்" என்ற கௌரவம் நம் ஊரில் அதிகம். பன்னிரண்டு பேரைப் பார்க்க வேண்டிய மேனேஜருக்கு உங்கள் ஜூன் மாத வேலை மார்ச்சில் நினைவிருக்காது. மாதக் கடைசியில் கால் மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் முடித்தது, அதனால் மிச்சமான பணமோ நேரமோ, பாராட்டி யாராவது எழுதியிருந்தால் அந்த வரி, இவ்வளவும் குறித்துவையுங்கள். செல்ஃப் அப்ரைசல் எழுதும் இரவில் தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

ரேட்டிங் குறைந்த அன்று வாதாடாதீர்கள். அன்றைக்கு உங்கள் குரலே உங்களுக்கு எதிரி. இரண்டு நாள் கழித்து நேரம் கேட்டு வாங்கி, "அடுத்த வருடம் இந்த ரேட்டிங் மேலே போக, நான் செய்ய வேண்டிய இரண்டு வேலை என்னவென்று சொல்ல முடியுமா சார்?" என்று கேளுங்கள். பதிலை அவருக்கே மெயிலாக அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து அதே மெயிலின் கீழேயே எதுவரை வந்திருக்கிறேன் என்று எழுதுங்கள். அப்படியும் அடுத்த வருடம் அதே கதை என்றால், உங்கள் முன்னேற்றத்துக்கு அங்கே வழியில்லை என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. ஆத்திரத்தில் போகும் ராஜினாமாவுக்கும் இப்படிப் போகும் ராஜினாமாவுக்கும் நிறைய வித்தியாசம்.

அது அடுத்த இன்டர்வியூவில் தெரியும். "பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்ற கேள்விக்கு "அங்க ஒரே பாலிடிக்ஸ் சார்" என்று ஆரம்பித்தவர், கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றத்தைப் பார்ப்பார். நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் எங்காவது சொல்வார் என்ற கணக்கு அங்கே ஓடுகிறது. இப்படியும் சொல்லலாம்: "இரண்டு வருஷமா ஒரே பையர் ஆர்டர்தான் பார்த்தேன். வேற பையர் கேட்டு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், இடமில்லைன்னு சொன்னாங்க. அதனால வெளிய தேட ஆரம்பிச்சேன்." இதில் பொய்யும் இல்லை, புலம்பலும் இல்லை.

வேலையை விடும்போது நோட்டீஸ் பீரியடை முழுதாக முடியுங்கள். ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் இரண்டையும் கடைசி நாளிலேயே கேளுங்கள். படிவம் 16 எப்போது வரும் என்று கணக்குப் பிரிவில் விசாரித்துவையுங்கள். பி.எஃப். கணக்கில் நீங்கள் வேலையை விட்ட தேதியைப் பதிய வேண்டியது பழைய கம்பெனியின் வேலை. பல கம்பெனிகள் மறந்துவிடும், சில வேண்டுமென்றே மறக்கும். அந்தத் தேதி இல்லாமல் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவது சிக்கலாகிவிடும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் பி.எஃப். இணையதளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓ.டி.பி. வரும், எண் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள்.